விடியற்காலையா, இரவா, பஸ் பயணமா: கதை எழுதுகிறவர் எந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது?

ஓணத்துக்கு முந்திய வாரம் மார்த்தாண்டம் சந்தை வாசலில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பிடித்து நிறுத்தினாள். பத்தாம் வகுப்பில் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதி வைத்திருந்த பெண். இப்போது கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். கணவர் துபாயில் இருக்கிறார். நான்கு வயதில் ஒரு மகன், வீட்டில் மாமியார். இரண்டு சிறுகதைகள் அச்சேறியிருக்கின்றன. மூன்றாவது நீண்டு நீண்டு நாவலாகிக்கொண்டிருக்கிறது என்றாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "டீச்சர், நீங்கள் விடியற்காலையில் எழுதுகிறீர்களா, இரவிலா? நான் எதைப் பிடித்துக்கொண்டால் இந்த நாவல் முடியும்?"

மரச்சீனிக் கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே சொல்லிவிடக்கூடிய பதில் அல்ல அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு எழுதியதையே, அவள் சம்மதத்துடன், கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். வேலைக்கும் போய்க்கொண்டு கதையும் எழுத நினைக்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நாவலின் முதல் வரி எது என்பதைவிட எந்த நேரத்தில் உட்காருவது என்பதே பெரிய முடிவு. இருபது ஆண்டுகளாக எழுதிவரும் நான் இதில் தவறாக முடிவெடுத்து இழந்த வருடங்கள் உண்டு. அவள் இழக்கக் கூடாது.

எழுத்தாளர்களின் பழக்கங்களைப் பற்றி நாம் கேள்விப்படுவதெல்லாம் விசித்திரங்களாகவே வந்து சேர்கின்றன. ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்கள் இருந்ததாகவும், அந்த வாசனை இல்லாமல் அவரால் எழுத முடியாது என்று அவர் மனைவி சொன்னதாகவும் ஜெர்மன் கவிஞர் கதே நினைவுகூர்ந்திருக்கிறார். விக்டர் ஹியூகோ 1830இல் ஒரு நாவலைக் கெடுவுக்குள் முடிக்க வேண்டியிருந்தபோது, வெளியே போடும் உடைகளைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு கம்பளிப் போர்வையும் ஒரு புட்டி மையுமாக உட்கார்ந்தார். ஜேன் ஆஸ்டின் தன் வீட்டில் கிறீச்சிட்ட ஒரு கதவைச் சரிசெய்ய விடவில்லை என்று அவருடைய அண்ணன் மகன் எழுதியிருக்கிறார். மாயா ஏஞ்சலோ ஓட்டல் அறை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, சுவரில் இருந்த படங்களைக் கழற்றச் சொல்லிவிட்டு, காலை ஆறரைக்கு அங்கே போய் மதியம் வரை எழுதினார்.

இவற்றை வெறும் வினோதம் என்று படித்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை. ஆப்பிளை விட்டுவிடுங்கள், மற்ற மூன்றையும் பாருங்கள். ஹியூகோவை எழுத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனது அவருடைய கால்கள், அதனால் உடைக்குப் பூட்டு. ஆஸ்டினை இழுத்தது அறைக்குள் வருகிற உறவும் விருந்தும். கதவின் கிறீச்சு கேட்டால் காகிதத்தை மறைத்துவிடலாம். ஏஞ்சலோவை இழுத்தது சொந்த வீடு, அதனால் அயல் அறை. எங்கள் ஊரில் விளைக்கு, அதாவது தோப்புக்கு, வேலி கட்டும்போது எந்தப் பக்கத்திலிருந்து என்ன மேய வருகிறது என்று பார்த்துத்தான் கட்டுவார்கள். ஆட்டுக்குக் கட்டுகிற வேலி வேறு, பன்றிக்கு எழுப்புகிற கையாலை என்ற மண்சுவர் வேறு. இன்னொருவர் விளையின் வேலியைப் பார்த்து நாமும் அதே மாதிரி கட்டினால் முள் மட்டும்தான் நமக்கு மிஞ்சும். ஆகவே விடியலா இரவா என்று கேட்பதற்கு முன்னால், உன் நேரத்தை மேய வருவது யார் என்று எழுதிப் பார் என்றேன்.

அவள் நேர்மையாக எழுதி அனுப்பினாள். மகன், மாமியாரின் மாத்திரை வேளைகள், ஆலை, கணவரின் அழைப்பு, பிறகு களைப்பு. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் எடை போட்டேன்.

முதலில் விடியற்காலை. எனக்கு அது அப்பாவிடமிருந்து வந்தது. அவர் திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். மூன்று, மூன்றரைக்கு எழுந்து விளக்கோடு கிளம்பிவிடுவார். காரணமும் சொல்லித் தந்திருக்கிறார்: இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும், அப்போது பட்டையைச் சீவினால் பால் தடையில்லாமல் இறங்கும். வெயில் ஏறினால் மரம் வற்றத் தொடங்கி ஒழுக்கு குறையும். அதே மரம், அதே கத்தி, ஆனால் சிரட்டையில் விழும் பால் வேறு. மனத்துக்கும் இது பொருந்துவதை நான் கண்டிருக்கிறேன். காலையில் யாரிடமும் ஒரு சொல் பேசுவதற்கு முன்னால் எழுதுகிற பத்தியில் பிசிறு இல்லை.

குமரி மாவட்டத்தின் விடியலை அமைதி என்று யாரும் சொல்ல முடியாது. மார்கழியில் கோவில் ஒலிபெருக்கி, திருவிழா நாட்களில் தேவாலயத்தின் வெடி, ஐந்து மணியளவில் பள்ளிவாசலின் பாங்கு. தோவாளைப் பக்கம் போனால் இருட்டிலேயே பூச்சந்தை கூடிவிடுகிறது. ஆனால் இந்தச் சத்தங்கள் எதுவும் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. எழுதுகிறவரைக் கலைப்பது சத்தம் இல்லை, "அம்மா" என்ற ஒரு மெல்லிய குரல்தான். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் விடியலுக்கு முன் எழுதத் தொடங்கியது அதற்காகவே. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தார்கள், பதிப்பகத்தில் வேலையும் இருந்தது. அவர்கள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முந்திய நேரம் மட்டுமே தனக்கென்று இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் என் மாணவிக்கும் விடியல்தானே பொருத்தம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். அவளுடைய மகன் அவளை ஒட்டிப் படுத்துத் தூங்குகிறான். தாயின் உடம்புச் சூடு விலகியதும் எழுந்துவிடுகிற வயது. என் இளைய மகன் அந்த வயதில் இருந்தபோது நான் நாலரைக்கு எழுந்து பார்த்தேன். பத்தாவது நிமிடம் அவன் சமையலறை வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான். எழுதிய வரியும் போய், அவன் தூக்கமும் போய், அவன்மேல் எரிச்சல் வரும், அந்த எரிச்சலுக்காக நாள் முழுக்க மனம் உறுத்தும். ஐந்தரைக்கு மாமியாருக்குக் கட்டன் சாயா, ஆறுக்கு இட்லிப் பானை. ஒரு வருடம் போராடிவிட்டு விட்டேன். என் விடியற்காலை எனக்குத் திரும்பக் கிடைத்தது மகன் ஒன்பதாம் வகுப்பு போன பிறகுதான். ஆண் எழுத்தாளர்கள் விடியலின் பெருமையைப் பேசும்போது அந்த வீட்டின் சாயாவை யார் போட்டது என்று நான் கேட்டுக்கொள்வது உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவர ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார், அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

இன்னொன்று. விடியலை எடுப்பவர் இரவை விட்டுக்கொடுக்க வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுவது வழக்கம் ஆகாது. மூன்று வாரம் ஓடும், நான்காம் வாரம் உடம்பு வட்டியோடு வசூலிக்கும். ஹருகி முரகாமி நாவல் எழுதும் காலத்தில் நாலுக்கு எழுகிறார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடுகிறார் என்பதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

அடுத்தது இரவு. இதன் பெரிய சாட்சி ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா. பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பகல் இரண்டு மணி வரை வேலை, பிறகு தூக்கம், வீடு அடங்கிய பின் பத்தரை பதினொன்றுக்கு மேல் எழுத்து. பெற்றோருடனும் தங்கைகளுடனும் இருந்த வீட்டின் சத்தம் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்து காலை 6 மணிக்கு ஒரு கதையை ஒரே மூச்சில் முடித்து எழுந்தார். இரவால் மட்டுமே அப்படி ஒன்றைக் கொடுக்க முடியும். அடுத்த மணி நேரத்தில் யாரும் வரமாட்டார்கள், முடிவுக்கு எல்லை இல்லை. பெரிய காட்சி ஒன்றை, ஒரு சாவு வீட்டை, ஒரு கலியாணத்தை, துண்டு துண்டாக எழுத முடியாது. அதற்கு இப்படி ஓர் இரவு வேண்டும்.

ஆனால் காஃப்காவுக்குப் பிற்பகலில் தூங்க முடிந்தது. ஆலையில் ஆறு மணி வரை கணக்கு பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அது இல்லை. அவளுடைய இரவுக்கு இன்னொரு உரிமையாளரும் இருக்கிறார். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். கணவர் வேலை முடித்து, சமைத்துச் சாப்பிட்டு எட்டரைக்குப் போன் எடுத்தால் இங்கே பத்து. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பத்து மணி என்பது வளைகுடாவின் மணி. அந்த அரை மணி நேரத்தை எழுத்துக்காக எடுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன், அவளும் எடுக்கக் கூடாது. அங்கே ஒரு மனிதர் நாள் முழுக்க அந்த முகத்துக்காகக் காத்திருக்கிறார். அழைப்பு முடிந்த பின் மனம் உடனே கதைக்குத் திரும்பாது. இதை அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும், என் அண்ணியும் பதினோரு வருடம் அப்படி இருந்தவர்.

எனக்கு இரவில் வேறொரு சிக்கல். இரவில் எழுதிய வாக்கியங்கள் எனக்கு அழகாகத் தெரியும். காலையில் பார்த்தால் கண்ணீர் அதிகம், பெயரடைகள் அதிகம். களைத்த மனம் தன்னையே இரங்கிக்கொள்கிறது, அந்த இரக்கம் பாத்திரங்களின்மேல் வடிகிறது. ஆகவே இரவைத் தினசரி வழக்கமாக நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அந்தப் பெரிய காட்சிக்காக, போதும்.

பஸ்ஸைப் பற்றி அவள் கேட்கவில்லை, நான் சேர்த்தேன். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை உட்கார்ந்து வருகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிடைக்கிறது. எழுத முடியாது. குலுக்கலில் எழுத்து புழுவாக நெளியும், தலை சுற்றும். போனில் தட்டலாம் என்றால் பக்கத்து இருக்கைக் கண் திரையில் இருக்கும். ஆனால் கேட்கலாம். கதை எழுதுகிறவருக்கு இந்த வழித்தடம் போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை. கிழக்கே ஏறுகிற நாஞ்சில் நாட்டுப் பேச்சு தக்கலை தாண்டும்போது மாறி, குழித்துறை நெருங்கும்போது மலையாளச் சாயலை ஏற்றுக்கொள்கிறது. அதே கோபத்தைக் கிழக்கத்திய அம்மா ஒரு விதமாகவும் மேற்கத்திய அம்மா வேறு விதமாகவும் சொல்வதை ஒரே பயணத்தில் கேட்கலாம். விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்த நாஞ்சில் நாடன், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்த தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் ஆகியோரின் கதை உரையாடல்களில் சந்தையும் பயணமும் கேட்கின்றன. பஸ்ஸில் காதைத் திற, நோட்டைத் திறக்காதே. இறங்கியதும் இரண்டு வரி குறித்துக்கொள்.

கோடை விடுமுறையில் மொத்தமாக எழுதுவது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தோன்றும் வழி. எனக்கும் தோன்றியது. ஏழெட்டு மே மாதங்களை அதில் செலவிட்டேன். போன வருடம் விட்ட இடத்துக்குத் திரும்பிச் சேரவே பத்து நாள் போகும். கதாநாயகியின் குரல் மறந்திருக்கும், தன் பாத்திரம் அயலார் வீட்டுப் பெண்ணாக நிற்கும். பிறகு சூடு பிடிக்கும்போது கலியாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கும். ஆலைக்காரிக்கு மே மாதமும் இல்லை. இதை விட்டுவிடலாம்.

நேரத்துக்கு அடுத்தது அளவு. நாள்தோறும் இவ்வளவு என்று எழுதுவதா, வருகிறபோது எழுதுவதா? இந்தச் சண்டைக்கு இரண்டு பக்கச் சாட்சிகளும் நாகர்கோவிலிலேயே கிடைக்கிறார்கள். துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களும் 1966, 1981, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்தன. இடையில் பதினைந்து, பதினேழு ஆண்டுகள். பார்வதிபுரத்துக்காரரான ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை மகாபாரதத்தை நாள்தோறும் அத்தியாயமாக எழுதி 26 நாவல்களாக்கினார். ஒரே ஊர்க் காற்று, ஒரே இரட்டை மழைக்காலம். எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி, ஆனால் இரண்டுமே என் மாணவிக்குப் பொருந்தா. சுந்தர ராமசாமி அந்த இடைவெளிகளில் சும்மா இருக்கவில்லை. கவிதை, கட்டுரை, சிறுகதை, மொழிபெயர்ப்பு என்று எழுத்துக்குள்ளேயேதான் இருந்தார். காத்திருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். தொடக்கக்காரரின் காத்திருப்பு பெரும்பாலும் எழுத்தை விட்டு நழுவுவதில் போய் முடிகிறது. அதைப் பலரிடம் கண்டு வருந்தியிருக்கிறேன்.

டிரோலப் கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். பல ஆண்டுகள் அஞ்சல் துறை வேலைக்கு நடுவில் எழுதினார், மொத்தம் 47 நாவல்கள். இந்தக் கணக்கைத் தமிழில் அப்படியே எடுத்தவர்கள் மனம் உடைந்து போயிருக்கிறார்கள், காரணம் எளிது. "வந்துகொண்டிருந்தவனிடம்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும். நம் மொழி சொற்களைக் கோத்துக் கட்டுகிற மொழி. அவர்களுடைய ஆயிரமும் நம்முடைய ஆயிரமும் ஒன்றல்ல. சொல்லை எண்ணாதே, கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள் என்றேன். டிரோலப்பிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: முதல் அரை மணி நேரம் முந்திய நாள் எழுதியதைப் படிப்பார். அரை மணி நம்மால் முடியாது. ஐந்து நிமிடம் படித்தாலும் குரல் திரும்பிவிடுகிறது. ஹெமிங்வே அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே எழுத்தை நிறுத்துவார். இதுவும் நேரம் குறைந்தவர்களுக்கென்றே செய்த மருந்து. நான் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறேன். மறுமுறை உட்காரும்போது முதல் வேலை அந்த வாக்கியத்தை முடிப்பது, அதற்குள் கை இளகிவிடும்.

நாள்தோறும் எழுதுவதா என்பதில் என் முடிவு அப்பாவின் தோட்டத்திலிருந்து வந்தது. ஒரு மரத்தை அவர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்டுவார். தோட்டத்தைப் பாதியாகப் பிரித்து, இன்று இந்தப் பாதி, நாளை அந்தப் பாதி. தினமும் வெட்டிப் பால் எடுக்கப்படுகிற மரம் சில காலத்தில் பட்டை வறண்டு, கத்தி பட்டாலும் பால் தராமல் நிற்கும். ஆழமாக வெட்டினாலும் கெடுதல். கத்தி மரத்தின் உள்ளுறையைத் தொட்டால் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். சிறு பிள்ளை, முதிய மாமியார், முழுநாள் வேலை என்று இருக்கிறவளிடம் தினமும் எழுது என்று சொன்னால் அவள் தவறவிடுகிற முதல் நாளே தோல்வி நாளாகிவிடும். இரண்டாம் தோல்வியில் நோட்டு பரணுக்குப் போய்விடும். செவ்வாய், வியாழன், சனி. இடைப்பட்ட நாட்களில் மனம் நிரம்பட்டும். மழை அடித்து ஊற்றினால் பால் வெட்டுக்குப் போக மாட்டார்கள், அதற்காக யாரும் தோட்டத்தை விற்றுவிடுவதும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்று மழை நாள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளை நூலகம் நல்ல இடம், மின்விசிறியும் மேசையும் உண்டு. ஆனால் அது திறந்திருக்கும் நேரமும் அவளுடைய வேலை நேரமும் ஒன்றே. கன்னியாகுமரியில் அறை எடுத்து இரண்டு நாள் எழுதுவது எனக்கு ஒரு முறை பெரிய உதவியாக இருந்தது. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் அறை கிடைக்காது, வாடகையும் ஏறும். நான் போனது ஜூன் மழையில், கடற்காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. முடிவு அத்தியாயத்தை அங்கேதான் முடித்தேன். அவளுக்கு இப்போது அது முடியாது. மகன் வளரட்டும். வீடோ, அவள் பட்டியலில் உள்ள எல்லோரும் இருக்கிற இடம்.

எதில் எழுதுவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, நோட்டும் பேனாவும்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து மாவட்டம் முழுக்க மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளின் துக்கத்துக்கு முன்னால் என் கதை ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நாட்களில் காதில் விழுந்ததையெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறித்து வைக்க முடிந்தது என்றால், அது நோட்டு கையில் இருந்ததால். போனில் பேசிப் பதிவு செய்து எழுத்தாக்கும் வசதியையும் பலர் சொல்கிறார்கள். வாயால் சொல்லி எழுதுவதில் இழிவு ஒன்றும் இல்லை. தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் ஒரு நாவலை 26 நாட்களில் சுருக்கெழுத்துப் பெண் ஒருவரிடம் சொல்லியே முடித்தார். ஆனால் கேட்டு எழுதியவர் மனிதர். நம் போன், விளவங்கோட்டுக் கிழவியின் பேச்சைத் தனக்குத் தெரிந்த வேறு சொற்களாக மாற்றிவிடுகிறது. எந்தச் சொல்லுக்காக அந்தக் கதையை எழுதுகிறோமோ அந்தச் சொல்லே காணாமல் போகிறது.

பிறகு அந்த அழுகிய ஆப்பிள். விசித்திரப் பழக்கம் எதையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். தாராளமாக. ஒரு வாசனை, ஒரு குறிப்பிட்ட பேனா, உட்காரும் முன் ஒரு மிடறு சுக்குக் காப்பி, இவை மனத்துக்கு "வந்துவிட்டோம்" என்று சொல்லிக் கொடுக்கின்றன. நான் பழைய வினாத்தாள்களின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால்தான் முதல் வரைவு எழுதுவேன். நல்ல தாளைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும், வினாத்தாளின் முதுகில் பிழை செய்யத் துணிவு வருகிறது. இதற்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: உன் விசித்திரம் ஒரு பெட்டிக்கடையில் கிடைக்க வேண்டும், கைப்பையில் அடங்க வேண்டும். இன்ன அறை, இன்ன நாற்காலி, இன்ன மழை என்று பழகிவிட்டால் அவை இல்லாத நாளில் எழுத்தும் இருக்காது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தபின் அவளுக்கு நான் சொன்ன நேரம் விடியலும் இல்லை, இரவும் இல்லை. ஆலை அலுவலகம் எட்டரைக்குத் திறக்கிறது. அவள் ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடிக்கிறாள். அதற்கு முன்னால் ஏழு பத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதில் போனால் இறங்கிய பிறகு அரை மணி நேரத்துக்கும் மேல் கிடைக்கும். வீட்டைப் பொறுத்தவரை அவள் வேலைக்குப் போய்விட்டாள், ஆலையைப் பொறுத்தவரை அவள் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. குளித்து, உடுத்து, தலை தெளிந்திருக்கும் நேரமும் அதுவே. மகனை அங்கன்வாடிக்குக் கிளப்பும் வேலையை அரை மணி நேரம் முன்தள்ள வேண்டும், மாமியாரின் உதவி வேண்டும். அதைக் கேட்பதற்குத் தயங்காதே, எதற்காகக் கேட்கிறாய் என்பதையும் மறைக்காதே என்று எழுதினேன். மறைத்து எடுக்கும் நேரம் நெடுநாள் நிற்காது. ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், வேறு எதையும் முயலாமல் இதையே செய்து பார்க்கச் சொன்னேன்.

மாமியார் ஒத்துக்கொண்டார். மூன்று நாட்கள் மகனுக்கு அவரே ஊட்டி அனுப்புகிறாராம். முதல் வாரம் அலுவலக வராந்தாவில் அமர்ந்து நான்கு பக்கம் எழுதினாள். இரண்டாம் வியாழக்கிழமை மேலாளர் சீக்கிரம் வந்தவர், இவள் இருப்பதைப் பார்த்ததும் ஒரு சரக்குப் பட்டியலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார். அடுத்த முறையும் அப்படியே. மாலையில் எனக்குப் போன் செய்தபோது அவள் குரல் உடைந்திருந்தது. நேரம் சரிதான், இடத்தை மட்டும் மாற்று என்றேன். இப்போது ஆலைக்கு இரண்டு வளைவு முன்னால் இறங்கிவிடுகிறாள். அங்கே சாலையோரம் ஒரு குருசடி, சிறிய சிலுவைக் கோயில், இருக்கிறது, மேலே ஒரு அயனி மரம். திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறாள். மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள் அவள் ஏதோ வேண்டுதல் எழுதுகிறாள் என்று நினைத்து விலகிப் போகிறார்கள். எட்டு இருபதுக்கு, பாதி வாக்கியத்தில், நோட்டை மூடிவிட்டு நடக்கத் தொடங்குகிறாள்.